நாற்பத்தொன்றாம் எண் வண்டி

"நான் இங்க நிக்கறேனா, இல்லையா? அத மட்டும் சொல்லு, பொண்ணே."

தொலைபேசியில் ஒரு பெண் இப்படிக் கேட்டபோது இதை எழுதுகிறவளிடம் பதில் இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்து, மேலே என்ன செய்வதென்று தெரியாமல், டாக்சிக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் அழைப்பு எடுக்கும் வேலையில் சேர்ந்து அப்போது நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. முன்னால் இருந்த திரை, 'வண்டி 41 வந்தது, பயணி இல்லை' என்றது. காதில் இருந்த குரலோ, வாசலிலேயே நிற்கிறேன் என்றது. குரலுக்குப் பின்னால் காற்று ஊளையிட்டது. அதற்கும் பின்னால் ஒரு நாய் மூச்சிரைப்பது கேட்டது.

"ஆள் இல்லைன்னுதான் வந்திருக்கு, சியோரா."

"அப்ப இங்க நிக்கறது யாரு?"

'சியோரா' என்பது இந்த ஊரில் பெண்களை 'அம்மா' என்று மரியாதையாகக் கூப்பிடும் சொல். அந்தப் பெண்ணின் பெயர் ஓந்தினா கோஸ்மீனா. நடந்ததை எல்லாம் பின்னால் அவளே உட்கார வைத்துச் சொன்னாள். இது அவளுடைய கதை.

இத்தாலியின் த்ரியெஸ்தே நகரத்தில் ஓந்தினாவைப் பார்த்தவர்களைவிட அவள் குரலைக் கேட்டவர்கள்தான் அதிகம். துறைமுக அலுவலகத்தின் தொலைபேசியை எடுத்து, "வணக்கம், துறைமுகம், யார் வேணும்?" என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்தான். கப்பல் கம்பெனிக்காரர்கள், சுங்கக்காரர்கள், லாரி ஓட்டிகள் எல்லோருக்கும் அவள் குரல் பழக்கம். "குரலுக்கு மட்டும் வயசே ஆகலையே ஓந்தினா" என்று யாராவது சொன்னால், "மத்ததப் பார்க்க எனக்குக் கண்ணு இல்ல, தப்பிச்சேன்" என்பாள்.

பதினொரு வயதுவரை அவளுக்குப் பார்வை இருந்தது. பிறகு ஓரங்களிலிருந்து இருட்ட ஆரம்பித்தது. பதின்மூன்றில் நடுவில் மிச்சமிருந்த ஒரு புள்ளி வெளிச்சமும் போயிற்று. அப்பா துறைமுகத்தில் காப்பிக்கொட்டை மூட்டை தூக்குகிறவர். மகளை வேறு ஊரில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்தார். அங்கே தொலைபேசி இணைக்கக் கற்றுக்கொண்டு இருபத்திரண்டு வயதில் ஊர் திரும்பி, வேலையில் சேர்ந்து, சான் ஜாக்கோமோ மேட்டில் மூன்றாவது மாடியில் அப்பா அம்மா இருந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவர்கள் போன பிறகும் அங்கேயே இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "கேட்டவன் ரெண்டு பேர். ஒருத்தன் மூக்கை உறிஞ்சிக்கிட்டே பேசுவான், இன்னொருத்தன் பேசவே மாட்டான். எப்படிச் சரிப்படும்?" என்பாள்.

நாற்பத்தாறு வயதுவரை வெள்ளைக் கைத்தடிதான். அதன் பிறகு தீமோ வந்தான். வெளிர்மஞ்சள் நிற லாப்ரடார். வழிகாட்டப் பழக்கப்பட்டவன். கைத்தடி, முட்டிக்கொண்ட பிறகுதான் தூண் இருப்பதைச் சொல்லும். தீமோவோ தூண் இருந்த இடத்தையே அவளுக்குத் தெரியாமல் சுற்றிக் கூட்டிப்போய்விடுவான். அவன் முதுகுப் பட்டையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதல்முறை கடற்கரைச் சாலையில் நடந்தபோது, முப்பது வருடத்துக்கு மேல் கழித்து முதல் தடவையாக வேகமாக நடந்தாள். காப்பிக் கடையில் அவள் நுழைந்தால், "மாப்பிள்ளை வந்தாச்சு, பொண்ணும் பின்னாலயே வருது" என்பார்கள்.

பேருந்துதான் அவளுக்கு வழக்கம். டாக்சியைக் கூப்பிடுவது போரா என்னும் காற்று அடிக்கும் நாட்களில் மட்டும். மேட்டிலிருந்து கடலைப் பார்த்துப் பாயும் அந்தக் காற்று மற்றவர்களின் தொப்பியைக் கொண்டு போகும். கண் தெரியாதவர்களிடமிருந்து காதைக் கொண்டு போய்விடும். வண்டி வருகிறதா, நிற்கிறதா, பக்கத்தில் சுவர் இருக்கிறதா, திறந்த வெளியா, ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட நாட்களில் டாக்சியைக் கூப்பிட்டு, ஒவ்வொரு தடவையும் மறக்காமல், "வழிகாட்டி நாய் உண்டு" என்று சொல்லுவாள். சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. நாயை ஏற்றித்தான் ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனாலும், வருகிறவர் திடுக்கிட வேண்டாமே என்று சொல்லுவாள்.

போன வருடம் பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. பனியும் மழையும் கலந்து அடிக்கிற போரா. அலுவலகத்தை இரண்டு மணிக்கே மூடிவிட்டார்கள். ஓந்தினா வழக்கம்போல் பெரிய வாசலில் தீமோவோடு நின்றாள். நாற்பத்தொன்றாம் எண் வண்டி, ஆறு நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். ஆறு நிமிடம் கழித்துத் தீமோ விறைத்து நின்றான். வண்டி வந்தால் அப்படித்தான் நிற்பான். நடைபாதை ஓரத்தில் சக்கரங்கள் ஈரத்தில் நசநசத்து மெதுவாவது அவளுக்கும் கேட்டது.

"நாற்பத்தொண்ணா?" என்று காற்றை மீறிக் கூவினாள்.

கதவு திறக்கவில்லை. கண்ணாடியும் இறங்கவில்லை. இரண்டு மூச்சு நேரம் அந்த வண்டி அங்கே இருந்தது. பிறகு சக்கரங்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய்விட்டன.

அதற்குப் பிறகுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு. வேறு வண்டிக்கு ஐம்பது நிமிடம் ஆகும் என்றாள் எடுத்தவள். பனிமழையில் தீமோ நடுங்க ஆரம்பித்திருந்தான். பேருந்து நிறுத்தம் இருநூறு அடி தூரம்தான். ஓந்தினா நடந்தாள்.

வழியில் ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றிருந்தன. பெரிய வீச்சு ஒன்று வந்தபோது அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்துகொண்டே வந்தன. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. திடீரென்று தீமோ அவள் முழங்காலுக்குக் குறுக்கே வந்து முழு உடம்போடு அவளைப் பின்னால் தள்ளியது மட்டும் தெரிந்தது. பிறகு கைப்பிடி ஒரு தடவை உதறியது. அவன் குரைக்கவில்லை. கடைசி ஸ்கூட்டரின் கைப்பிடி அவன் இடுப்பில் விழுந்திருந்தது.

எலும்பு முறியவில்லை. பத்து நாளில் வீக்கம் வடிந்தது. ஆனால் காற்று எழும்பினால் தீமோ வாசற்படியிலேயே வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துவிடுவான். கூப்பிட்டால் வாலை ஆட்டுவான். எழுந்திருக்க மாட்டான். நாய்ப் பள்ளியிலிருந்து பயிற்சிக்காரர் வந்து இரண்டு மாதம் முயன்றார். மே மாதத்தில், "இவனுக்கு ஓய்வு குடுத்துடலாம், சியோரா. இனிமே நாம கேக்கறது நியாயம் இல்ல" என்றார். தீமோவுக்கு அப்போது ஆறு வயது. இன்னும் நாலு வருடமாவது உழைத்திருக்க வேண்டியவன்.

இந்த ஊரில் வைத்துக்கொண்டால் அவனுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் நரகம். சமவெளியில், காற்றில்லாத கிராமம் ஒன்றில், தோட்டம் வைத்திருந்த தம்பதி அவனை எடுத்துக்கொண்டார்கள். ஒரு தடவை ஓந்தினா அங்கே போனாள். தீமோ அவள் மடியில் தலையை வைத்துப் பெருமூச்சு விட்டான். கொஞ்ச நேரம் கழித்து, தோட்டத்தில் யாரோ கூப்பிட, எழுந்து ஓடினான். அதற்குப் பிறகு அவள் போகவில்லை.

சங்கத்தில் புகார் கொடுத்தாள். தலைவர் மரியாதையாகத்தான் பேசினார். "பதிவு இப்படிச் சொல்லுது, சியோரா. நீங்க வேற வாசல்ல நின்னிருக்கலாம். காத்துல யாருக்குத்தான் திசை தெரியும்?"

முப்பது வருடமாக ஒரே வாசல். அதைச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஆனால் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. வீட்டுக்குள்ளேயே அடுப்பிலிருந்து மேசைக்கு எத்தனை அடி என்று எண்ணினாள். ஒருநாள் ஏழு வந்தது, ஒருநாள் எட்டு வந்தது. உண்மையிலேயே வேறு எங்கோ நின்றிருப்பேனோ என்ற நினைப்பு, ரொட்டி வெட்டும்போது, தொலைபேசியை எடுக்கும்போது, எப்போது வேண்டுமானாலும் வந்தது. காலை ஆறு இருபதுக்குத் தீமோ எழுந்து உடம்பை உதறும் சத்தம் தவறாமல் கேட்டது. கழுத்துப் பட்டையின் தகடு சலசலக்கும், பிறகு நகங்கள் தரையில் நாலு தட்டுத் தட்டும். எழுந்து தடவிப் பார்ப்பாள். கம்பளம் குளிர்ந்திருக்கும். ஆணியில் மாட்டியிருந்த முதுகுப் பட்டையை அவள் கழற்றவில்லை. கதவிடுக்கில் காற்று நுழையும் நாட்களில் அது சுவரில் இடித்துக்கொண்டே இருக்கும்.

மறுபடி கைத்தடியை எடுத்தாள். கைத்தடிக்கு எல்லா வண்டியும் நின்றது. ஓட்டுநர்கள் இறங்கி வந்து கதவைத் திறந்தார்கள். அது அவளுக்கு அவமானமாக இருந்தது. முன் இருக்கையில் உட்கார்ந்ததும் அவள் கால்கள் தாமாகவே இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் இடம் விட்டுவிடும். அங்கேதான் அவன் சுருண்டு படுப்பான்.

அழைப்பு எடுக்கும் பெண்ணிடம் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "நாற்பத்தொண்ண மட்டும் எனக்கு அனுப்பாத."

இதற்குள் அந்தப் பெண்ணுக்கும் சங்கத்தின் வழக்கம் ஒன்று பிடிபட்டிருந்தது. அழைப்பை வேண்டாம் என்று மறுக்கிற ஓட்டுநர் அடுத்த சவாரிக்கான வரிசையின் வாலுக்குப் போய்விடுவார். போய்ப் பார்த்தேன், பயணி இல்லை என்று பொத்தானை அமுக்குகிறவர், பாவம் வீணாக அலைந்தாரே என்று வரிசையின் தலைக்கு வந்துவிடுவார். ஆகவே யாரும் மறுப்பதில்லை. வழிகாட்டி நாயை ஏற்ற மறுத்ததாகச் சங்கத்தின் பதிவில் ஒரு வரிகூடக் கிடையாது. நாய் வைத்திருப்பவர்கள் மட்டும் ஏனோ வண்டியைக் கூப்பிட்டுவிட்டுக் காணாமல் போய்க்கொண்டே இருந்தார்கள்.

இந்த வருடம் செப்டம்பரில், ஒரு திங்கட்கிழமை, நாய்ப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். சால்வியா என்று ஒரு பெண் நாய் பயிற்சி முடித்துத் தயாராக இருக்கிறது, ஓந்தினாவின் நடைக்கு நன்றாகப் பொருந்தும் என்றார்கள். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். இன்னொரு நாய் வர எத்தனை வருடமாகுமோ, சொல்ல முடியாது.

ஓந்தினாவுக்கு உடனே வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. தீமோ அவளுக்காகத்தான் அந்த அடியை வாங்கிக்கொண்டான். அந்த வாசலில் இன்னொரு நாயை நிறுத்தி, இன்னொரு வண்டி வந்து, இரண்டு மூச்சு நேரம் பார்த்துவிட்டுப் போனால்? செவ்வாய் முழுக்க, தொலைபேசியில் வந்தவர்களைத் தப்புத் தப்பாக இணைத்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை வேலை முடிந்ததும் டாக்சி எண்ணுக்குக் கூப்பிட்டாள்.

"எனக்கு நாற்பத்தொண்ணு வேணும்."

"அதைத்தான் அனுப்பாதன்னு சொன்னீங்க, சியோரா."

"இன்னைக்கு அதுதான் வேணும். எத்தனை நேரமானாலும் நிக்கறேன்."

"ஏதாவது சண்டை போடப் போறீங்களா?"

"தெரியல, பொண்ணே. அனுப்பு."

வண்டி வந்து நின்றது. கதவு திறந்து ஒருவன் இறங்கி ஓடிவந்தான். முரடன் ஒருவனை எதிர்பார்த்திருந்தாள். வந்தவன் கை மெத்தென்று இருந்தது. முழங்கையை இழுக்காமல், தன் கையை அவள் பிடித்துக்கொள்ளக் கொடுத்தான். இப்படிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் ஊரில் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

"தலைய மட்டும் குனிஞ்சுக்குங்க, சியோரா. மேட்டுக்கா? நான் நேவியோ. அந்த மேட்டுல என் மச்சினிச்சி இருக்கா, கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்... ஐயோ, மன்னிக்கணும், வாய் தவறிடுச்சு."

"பரவால்ல. நானும் கண்ணை மூடிக்கிட்டேதான் வரேன்."

அவன் சத்தமாகச் சிரித்தான். நல்ல சிரிப்பு. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மனைவியின் முழங்கால் வலி, புதிய பாலத்தில் நெரிசல் என்று பேசிக்கொண்டே ஓட்டினான்.

"காலை நல்லா நீட்டி உக்காருங்களேன். எதுக்கு இப்படி ரெண்டு பக்கமும் ஒதுக்கி வெச்சிருக்கீங்க? நடுவுல முட்டைக் கூடையா இருக்கு?"

"பழக்கம்."

"குளிர்காலம் வந்தா என்னையே கூப்பிடுங்க. போரால நான் யாரையும் விட்டுட்டுப் போக மாட்டேன். ஒரு தடவ ஒரு கிழவர் விளக்குக் கம்பத்தக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னாரு. பிச்சுத்தான் எடுத்தேன், பாறைல ஒட்டின சிப்பி மாதிரி."

ஓந்தினா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். அன்றைக்குக் கூவிய அதே குரலில், அதே இழுப்பில், "நாற்பத்தொண்ணா?" என்று கூவினாள்.

வண்டி மெதுவாயிற்று. பின்னால் யாரோ ஒலிப்பானை அடித்தார்கள். நேவியோ ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைத்தான். அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"நீங்களா?" என்றான் கடைசியில்.

"நான்தான்."

"அந்தக் குரல் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கு, சியோரா. முகம் மழிக்கும்போது கேக்கும். பெட்ரோல் போடும்போது கேக்கும். ஒரு நாள் பொண்டாட்டிகிட்ட, யாரோ கூப்பிடறாங்கன்னு சொன்னேன். ஜன்னலத் திறந்து பார்த்துட்டு, யாரும் இல்லைங்கறா."

"ஏன் போனீங்க?"

"அன்னைக்குக் காலைலதான் இருக்கையெல்லாம் கழுவி வெச்சிருந்தேன். நாய் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "அவ்வளவுதான். வேற ஏதாவது பெரிய காரணம் இருக்கும்னு நானும் தேடிப் பார்த்தேன். ஒண்ணும் இல்ல."

ஓந்தினா மடியில் கைகளை இறுக்கிக்கொண்டாள். திட்டத்தான் வந்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"அன்னைக்கு நான் எங்க நின்னேன்?"

"பெரிய வாசல்ல. இடது பக்கத் தூண ஒட்டி."

"நிச்சயமா?"

"பச்சைக் கோட்டு. தலைல சாம்பல் கலர் கம்பளித் தொப்பி. நாய் உங்க பக்கத்துல நிக்கல, சியோரா. உங்களுக்கு முன்னால, காத்து வர்ற பக்கமா, குறுக்க நின்னுச்சு. பனியெல்லாம் அதும்மேலதான் அடிச்சுது. அதனாலதான் அவ்வளவு நனைஞ்சிருந்துச்சு."

இது அவளுக்குத் தெரியாது. கைப்பிடி கொஞ்சம் திரும்பியிருந்ததை அன்று உணர்ந்திருந்தாள். ஏன் சரியாக நிற்கவில்லை என்று தீமோவை அதட்டியும் இருந்தாள். பத்தொன்பது மாதமாக அந்த வாசலை எத்தனை தடவை நினைத்திருப்பாள்! ஆனாலும் அவனை அதட்டியது இப்போதுதான் ஞாபகம் வந்தது. கைக்குட்டையைத் தேடிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் ஸ்கூட்டர்களைச் சொன்னாள். வாசற்படியில் படுத்துவிட்ட நாயைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியையும் சொன்னாள்.

"அடுத்த நாயோட நான் அங்க நின்னா வண்டி நிக்குமா? அது தெரிஞ்சாத்தான் நான் பதில் சொல்ல முடியும்."

"என் வண்டி நிக்கும்."

"உங்க வண்டி ஒண்ணு. மத்த இருநூறு?"

"அத அவங்களத்தான் கேக்கணும்."

"கேளுங்க. நானும் வரேன்."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டாக்சி நிறுத்தத்தை ஒட்டிய காப்பிக் கடையில் எட்டுப் பத்து ஓட்டுநர்கள் இருந்தார்கள். கண்ணாடிக் குவளைகள், ஈர மேலங்கி வாடை, கொதிக்கும் பன்றி இறைச்சியின் மணம். நேவியோ ஓந்தினாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கழுவிய இருக்கையை விடவில்லை. அமுக்கிய பொத்தானையும் விடவில்லை.

"பாவமன்னிப்பு வேணும்னா கோயிலுக்குப் போ, மூலோ" என்று ஒரு கனத்த குரல் சொன்னது. தூலியோ என்பவன். அறுபது வயதானாலும் இங்கே ஆண்கள் ஒருவரையொருவர் 'மூலோ', பையா, என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். "காப்பிய ஆற வெக்கறதுக்கா இங்க வந்த? என் வண்டில கப்பல்காரங்க வெள்ளைக் கால்சட்டையோட ஏறறாங்க. நாய் முடிய யாரு பொறுக்கறது, உன் பொண்டாட்டியா?"

"போன சனிக்கிழமை வியன்னாக்காரன் ஒருத்தன் உன் வண்டில வாந்தி எடுத்தானே, அத யாரு பொறுக்கினா?" என்றார் ஊச்சோ. இருப்பவர்களிலேயே மூத்தவர்.

சிரிப்பு எழுந்தது. ஓந்தினாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் ஊச்சோவின் குவளை மேசையில் மெல்ல உட்கார்ந்தது.

"நானும் அமுக்கியிருக்கேன்" என்றார். "ரெண்டு தடவ. ஒரு தடவ ரயில் நிலையத்துல ஒரு சின்னப் பையன். இருபது வயசு இருக்கும். கறுப்பு நாய். மழைகூட இல்ல. அவன் என்ன பண்ணினான்னு நான் திரும்பிப் பார்க்கல. கண்ணாடில பார்த்தேன். சிரிச்சுக்கிட்டே நின்னான். வண்டி வந்திருச்சுன்னு நினைச்சுக்கிட்டு."

கடைக்காரி காப்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டாள். பிறகு ஜன்னல் பக்கத்திலிருந்து, "நான் ஒரு தடவ" என்றது ஒரு குரல். கொஞ்சம் பொறுத்து இன்னொரு குரலும் அதையே சொன்னது. யாருக்குமே நாய் வைத்திருந்தவரின் பெயர் தெரியவில்லை. எல்லோருக்கும் நாயின் நிறம் மட்டும் ஞாபகம் இருந்தது.

தூலியோ நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "நான் பொய் சொல்ல மாட்டேன், சியோரா. நாய் வந்தா என் வண்டி நிக்காது. உங்க மூஞ்சிக்கு நேராவே சொல்றேன்."

"உங்க வண்டி எண்?"

"அறுபத்தெட்டு. போய்ப் புகார் குடுங்க."

"குடுப்பேன். ஆனா ஒண்ணு. இத்தன வருஷத்துல மாட்டேன்னு வாயால சொன்ன முதல் ஆள் நீங்கதான். அன்னைக்கு நான் வண்டி கேட்டப்பவே யாராவது இப்படிச் சொல்லியிருந்தா, கீழ இறங்காம உள்ளேயே உக்காந்திருப்பேன். என் நாயும் என்கிட்ட இருந்திருக்கும்."

தூலியோ எழுந்து போனான். கதவு திறந்து மூடியது.

பன்னிரண்டுக்குக் கால் மணி இருந்தது. ஓந்தினா கைப்பேசியை எடுத்து நாய்ப் பள்ளிக்குப் பேசினாள். கடை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"முடிவு பண்ணிட்டீங்களா, சியோரா?" என்றார் பயிற்சிக்காரர்.

"அவ காத்துக்குப் பயப்படுவாளா?"

"இங்க ஏது காத்து? அங்க வந்தாத்தான் தெரியும்."

"சரி. வண்டி நிக்குமான்னு எனக்கும் இன்னும் தெரியல." கைத்தடியை மடக்கி மடியில் வைத்தாள். பிறகு, "எந்த ரயில்ல வரணும் நான்?" என்று கேட்டாள்.

பேசி முடித்ததும் நேவியோ அருகே வந்தான். "நிலையத்துக்கு நான் கொண்டு விடறேன். திரும்பி வரும்போதும் நானே வந்து நிக்கறேன், ரெண்டு பேருக்கும்."

"வேண்டாம். எல்லாரையும் போலப் போன் பண்ணிக் கூப்பிடுவேன். எந்த வண்டி வருதோ வரட்டும். அந்த வண்டி நிக்கணும்."

நேவியோ அன்றைக்கே சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தான். அவனுக்கு மூன்று வாரம் வண்டி ஓட்டத் தடை. ஊச்சோவும் ஒரு கடிதம் கொடுத்தார். பையனின் பெயர் தெரியாததால் அதை என்ன செய்வதென்று தலைவருக்குத் தெரியவில்லை. வரிசை விதியை மாற்றுவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் மாற்றவில்லை.

பள்ளியில் இரண்டு வாரம் பழகிவிட்டு ஓந்தினா ரயிலில் திரும்பினாள். நிலையத்து வாசலிலிருந்து அவள் கூப்பிட்டபோது வந்த வண்டி நூற்று ஏழு. நின்றது. அதற்குப் பிறகு நாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள். மூன்று நின்றன. ஒன்று, பயணி இல்லை என்றது. அந்தத் தடவை இதை எழுதுகிறவள் தலைவரின் அறைக்கே எழுந்து போய், "ஆள் நிக்கறாங்க, நாயோட நிக்கறாங்க, இப்ப நான் பேசிக்கிட்டுதான் இருக்கேன்" என்று கத்த வேண்டியிருந்தது.

தினமும் பெரிய வாசலில் இறங்கியதும் ஓந்தினா ஒரு நிமிடம் நிற்கிறாள். சால்வியா பக்கத்தில் ஒழுங்காக நிற்கிறாள். இந்த வருடப் போரா இன்னும் வரவில்லை. அது வந்தால் சால்வியா என்ன செய்வாள் என்பது யாருக்கும் தெரியாது. வண்டிகள் என்ன செய்யும் என்பதை மட்டும் நம்மால் கொஞ்சம் மாற்ற முடியும். அதனால், இதைப் படித்தவர்கள் உங்கள் ஊரில் வண்டி ஓட்டும் ஒருவரிடமாவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் இன்னொருவரிடம் சொல்லட்டும். காற்று எழும்புவதற்குள் சொல்லிவிடுங்கள்.